சிரிப்பின் சூட்சுமம் கடியில் இருக்கிறது

பல் வரிசையானால் போதுமா? எத்துப்பல், ஏந்துதாடை, ஈறு தெரியும் சிரிப்பு... எதற்கு எப்போது கிளிப்?

வேதாரண்யத்தில் ஒரு பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், கூடவே பஸ் நேரமும் பேச்சில் வந்துவிடும். நாகப்பட்டினம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தஞ்சாவூர் அதைவிட இருமடங்கு தூரம். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிதான் வேண்டும் என்றால் சிதம்பரம் போகவேண்டும், இல்லையென்றால் புதுக்கோட்டை. 2023 ஏப்ரலில் வேதாரண்யம் வழியாகப் போகும் திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி பாதையில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியதில் கொஞ்சம் ஆறுதல்.

கிளிப் ஒரே நாளில் போட்டு முடிகிற சமாச்சாரம் இல்லை. நாலு வாரத்துக்கோ ஆறு வாரத்துக்கோ ஒருமுறை போய் ஒயரை மாற்றிக்கொண்டு, முடுக்கிக்கொண்டு வரவேண்டும். இப்படி ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம். கணக்குப் போட்டால் 13-லிருந்து 26 தடவை வரை வருகிறது. உப்பளத்துக்கோ முல்லைக் கொல்லைக்கோ கூலிக்குப் போகிற அம்மாவுக்கு, துணைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போச்சு.

அப்படியும் போடுகிறார்கள். கடைத்தெருவிலும் டியூஷன் வாசலிலும் வாயைத் திறந்தால் கம்பி மின்னுகிற பிள்ளைகளை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். 'எத்துப்பல்' என்று வகுப்பில் ஒருத்தன் சொன்ன கிண்டல், செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம், பெண் பார்க்க வருகிறவர்கள் பற்றிய கவலை என்று காரணம் எதுவாகவும் இருக்கும். கேட்பது மட்டும் ஒன்றுதான்: "பல்லு வரிசையா ஆயிடும்ல டாக்டர்?"

ஆகிவிடும். ஆனால் வரிசையான பல் எல்லாம் அழகான சிரிப்பாகிவிடுமா என்பது வேறு கேள்வி. பல் மருத்துவ உலகம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும் அதுதான்.

வரிசை வேறு, சிரிப்பு வேறு

1970-ல் ஹல்சி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு ஒப்பீடு செய்தார். கிளிப் போட்டுப் பல்லைச் சீராக்கிக்கொண்டவர்களின் சிரிப்பு ஒரு பக்கம். கிளிப்பே போடாமல் இயல்பாகவே நல்ல கடி அமைந்தவர்களின் சிரிப்பு இன்னொரு பக்கம். இரண்டையும் மதிப்பிடச் சொன்னபோது, கிளிப் போட்டவர்கள் பின்தங்கினார்கள். அவர்களுடைய பற்கள் நேராகத்தான் இருந்தன. அந்த நேர்தான் கெடுத்தது.

கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தால் புரியும். சிரிக்கும்போது கீழுதடு மேல்நோக்கி வளைகிறது. மேல்வரிசை முன்பற்களின் நுனிகளை ஒரு கோடாக இணைத்தால், அதுவும் அந்த உதட்டின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். நடுப் பற்கள் இரண்டும் சற்று இறங்கி, பக்கத்துப் பற்கள் ஏறி, கோரைப்பல் வரை ஒரு மெல்லிய வில். மருத்துவர்கள் இதைச் 'சிரிப்பு வளைவு' என்கிறார்கள். கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பல்லில் ஒட்டும்போது இதைக் கவனிக்காமல் எல்லாப் பல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால், வில் தட்டையாகிப் போகும். பல் கச்சிதம், சிரிப்பில் உயிர் இல்லை.

இன்னொன்று, சிரிக்கும்போது வாயின் இரு ஓரங்களிலும் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தெரியும் இருட்டு. மேல்தாடை குறுகியவர்களுக்கு இந்த இருட்டு அகலமாக இருக்கும். நாலைந்து பற்கள் மட்டும் வாய்க்குள் தனியாக நிற்பதுபோல் தோன்றும்.

மூன்றாவது, உதடு எவ்வளவு மேலே போகிறது என்பது. சிரிப்பில் ஈறு லேசாகத் தெரிவது இளமையின் அடையாளம். உதடு தளர்ந்திருக்கும் நிலையில் மேல்பல் எவ்வளவு தெரிகிறது என்று 1978-ல் விக், புருண்டோ என்ற இருவர் அளந்தார்கள். பெண்களுக்குச் சராசரி 3.4 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 1.9. வயது ஏற ஏற மேல்பல் தெரிவது குறைந்து, கீழ்ப்பல் தெரிவது கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். 15 வயதுப் பெண்ணுக்கு ஈறு தெரிகிறதே என்று அவசரப்பட்டுப் பல்லை மேலே ஏற்றிவிட்டால், 40 வயதில் அவள் சிரிப்பு அறுபதைக் காட்டும்.

சரி, பார்க்கிறவர்கள் இதையெல்லாம் கவனிக்கிறார்களா? 1999-ல் கோகிச் என்ற ஆர்த்தோடான்டிஸ்டும் (பல் சீரமைப்பு மருத்துவர்) சகாக்களும் சிரிப்புப் படங்களில் குறைகளை மில்லிமீட்டர் கணக்கில் கூட்டிக் காட்டினார்கள். மேல்பல் வரிசையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தும் பொதுமக்களுக்கு அது குறையாகப் படவில்லை. ஆர்த்தோடான்டிஸ்ட்களின் கண்ணுக்குத்தான் தப்பவில்லை. ஆனால் முன்பற்கள் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்ந்திருந்ததை எல்லோருமே பிடித்துவிட்டார்கள். அம்மாக்கள் புகார் சொல்வதற்கும் மருத்துவர் குறித்துக்கொள்வதற்கும் பல சமயம் சம்பந்தமே இல்லாமல் போவது இதனால்தான்.

கடைவாயில் இருக்கும் கணக்கு

வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் விளையும் முல்லை அரும்பைத்தான் தமிழ்க் கவிகள் காலங்காலமாகப் பல்லுக்கு உவமை சொன்னார்கள். வெண்மையையும் வரிசையையும் பாடிய அளவுக்கு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சந்திக்கின்றன என்பதை யாரும் பாடியதாகத் தெரியவில்லை. சிரிப்பின் சூட்சுமம் அந்தச் சந்திப்பில் இருக்கிறது.

அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்தான் அவருக்கு அளவுகோல். மேல் கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்க முன்முனை, கீழ்ப்பல்லின் வெளிப்பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகுப்பு. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகுப்பு. கீழ்ப்பல் முந்திக்கொண்டால் மூன்றாம் வகுப்பு. 125 வருஷம் ஆகியும் உலகம் முழுக்கக் கேஸ் ஷீட்டில் எழுதுவது இந்த மூன்றைத்தான்.

பல் நாற்காலியில் இதைச் சோதிக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். "கடிம்மா" என்றால் பிள்ளைகள் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி, முன்பல்லால் கடித்துக் காட்டும். அதனால், "நாக்கை மடிச்சுப் பின்னாடி அண்ணத்தைத் தொடு, தொட்டுக்கிட்டே கடி" என்பார் மருத்துவர். நாக்கு பின்னால் போனால் தாடையும் தன் இடத்துக்குப் போய்விடும். அப்போது கன்னத்தை விலக்கிக் கடைவாயைப் பார்த்தால் உண்மையான கடி தெரியும்.

முதல் வகுப்பில் தாடைகள் சரி. பல்லுக்கு இடம்தான் போதாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கோரைப்பல் இடம் கிடைக்காமல் ஈறுக்கு மேலே துருத்திக்கொண்டு வருவதும் இங்கேதான். 'சிங்கப்பல்', 'தெத்துப்பல்' என்று சொல்லி நம் ஊரில் சிலர் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஜப்பானில் இதை 'யாயெபா' என்று கொண்டாடி, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் இல்லாத சிங்கப்பல்லைச் செயற்கையாக ஒட்டிக்கொள்ளும் மோகமே கிளம்பியது.

இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. முதல் பிரிவு நாம் எத்துப்பல் என்று சொல்வது. மேல் முன்பற்கள் முன்னால் தள்ளி நிற்க, கீழுதடு அந்தப் பற்களுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். உதடு மூட முயற்சி தேவைப்படும். சிரிக்காதபோதும் பல் தெரியும். இரண்டாம் பிரிவு நேர் எதிர். நடுப் பற்கள் உள்நோக்கி மடங்கி, கீழ்ப்பற்களை மூடிக்கொண்டு இறங்கியிருக்கும். முன்பல் வெளியே வரவில்லையே என்று வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் சிரித்தால் ஈறு நிறையத் தெரியும். கடி ஆழமாகி, சிலருக்குக் கீழ்ப்பல் நுனி அண்ணத்தையே குத்திப் புண்ணாக்கும்.

மூன்றாம் வகுப்பு, கீழ்த்தாடை ஏந்தலாக இருப்பது. இவர்கள் சிரித்தால் மேல்பல் குறைவாகவும் கீழ்ப்பல் கூடுதலாகவும் தெரியும். வயதானவர்களின் சிரிப்புக்கும் இதுவே அடையாளம் என்பதால், இருபது வயதிலேயே முகத்துக்கு முதிர்ச்சி வந்துவிடும்.

இவை தவிரத் திறந்த கடி ஒன்று உண்டு. கடைவாய் கடித்தாலும் முன்பற்கள் சந்திக்காது. நடுவில் தெரியும் சந்தில் நாக்கு எட்டிப் பார்க்கும். விரல் சூப்பும் பழக்கம், விழுங்கும்போது நாக்கை முன்தள்ளும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணங்கள். 'சிரிப்பு வளைவு' இவர்களுக்குத் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும்.

ஆக, நாலு பேர் ஒரே குறையைச் சொல்லி வந்தாலும் நாலு பேருக்கும் வைத்தியம் வேறு. ஈறு தெரிகிறது என்று வருகிறவரையே எடுத்துக்கொள்ளலாம். ஆழக்கடியால் பல் இறங்கியிருந்தால் கிளிப்போடு பல்லை மேலே ஏற்றினால் போதும். சமயத்தில் எலும்பில் சின்னத் திருகாணி பதித்து இழுப்பார்கள். மேல்தாடை எலும்பே நீளமாக இருந்தால் அறுவை சிகிச்சை வரை போகவேண்டும். உதடுதான் குட்டையென்றால் பல்லைத் தொடுவதே தப்பு.

அப்பல்லோ முகமும் நம் முகமும்

ஆங்கிளுக்கு ஆரம்பத்தில் அழகான முகம் என்றால் ஒன்றே ஒன்று: வத்திக்கானில் இருக்கும் அப்பல்லோ பெல்விடெர் சிலை. அவருக்கு நண்பராக இருந்த வுவெர்பெல் என்ற ஓவியப் பேராசிரியர், முகத்துக்கு முகம் அழகு மாறும், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அச்சு கிடையாது என்று எடுத்துச் சொன்னார். ஆங்கிள் சிலையை விட்டார். ஆனால் 32 பல்லையும் வைத்துக்கொண்டே சீராக்க வேண்டும், ஒன்றையும் பிடுங்கக் கூடாது என்ற பிடிவாதத்துக்குப் போனார். இதை எதிர்த்து 1911-ல் கால்வின் கேஸ் என்ற பல் மருத்துவர் நடத்திய வாதம் பல் மருத்துவ வரலாற்றில் பிரசித்தம். கடைசியில் ஆங்கிளின் சீடரான சார்லஸ் ட்வீடே, குருவின் வழியில் சிகிச்சை செய்த தன் நோயாளிகளுக்கு வாய் துருத்திக்கொண்டு வருவதையும் பல் பழைய இடத்துக்கே திரும்புவதையும் பார்த்துவிட்டு, அவர்களைத் திரும்ப அழைத்து நாலு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார்.

இந்தப் பழைய சண்டை நமக்கு எதற்கு? தென்னிந்திய முகங்களில் மேல்பல், கீழ்ப்பல் இரண்டுமே சற்று முன்தள்ளி, உதடுகள் பூரித்து நிற்பது பரவலான அமைப்பு. கடைவாயில் பார்த்தால் முதல் வகுப்புதான். கடியில் கோளாறு இல்லை. உதடு மூடச் சிரமப்படும் அளவுக்குப் போனால் நாலு பல் எடுத்து உள்ளே இழுப்பது சரியான சிகிச்சை. ஆனால் வெள்ளைக்காரர்களின் எக்ஸ்ரேயில் இருந்து எடுத்த அளவுகளை அப்படியே நம் பிள்ளைக்கு வைத்து இழுத்தால், உதடு ஒட்டி, மூக்கு தூக்கலாகி, முகம் வாடிப்போகும். பல் எடுக்கச் சொல்லும் மருத்துவரிடம், "பக்கவாட்டில் முகம் எப்படி மாறும்?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. நல்ல மருத்துவர் எக்ஸ்ரேயை வைத்தே விளக்குவார்.

ஏழு வயசில் ஒரு பார்வை

"பால் பல்லுதானே, விழுந்து முளைக்கட்டும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பதில். பாதி சரி. ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் நடுவில் சந்து விட்டு, விசிறிபோல் விரிந்து முளைக்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் அந்தச் சந்து தானாக மூடிக்கொள்ளும். அதற்காகக் கிளிப் கேட்டு ஓட வேண்டியதில்லை.

இருந்தும் ஏழு வயதில் ஒருமுறை ஆர்த்தோடான்டிஸ்டிடம் காட்டிவிடச் சொல்கிறது அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட்கள் சங்கம். சிகிச்சை தொடங்குவதற்காக அல்ல. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று பிரிப்பதற்கு. மேல்தாடை பின்தங்கிய மூன்றாம் வகுப்புக் கடி காத்திருக்கக் கூடாதவற்றில் முதலாவது. பத்து வயதுக்குள் முகக்கவசம் போன்ற கருவியை மாட்டி மேல்தாடையை முன்னுக்கு இழுக்க முடிகிற சந்தர்ப்பம் உண்டு. விட்டுவிட்டால், வளர்ச்சி முடிந்தபின் அறுவை சிகிச்சைதான். மேல்தாடை குறுகி, கடைவாய்ப்பற்கள் உள்வாங்கிக் கடிக்கும் குறுக்குக்கடிக்கும் சின்ன வயசே தோது. அண்ணத்தின் நடு எலும்புக்கோடு இறுகுமுன் திருகு வைத்த தட்டால் அகலப்படுத்திவிடலாம்.

எத்துப்பல்லுக்கு அத்தனை அவசரம் இல்லை. பருவ வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில், ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-ல் உருவாக்கிய 'ட்வின் பிளாக்' போன்ற கழற்றி மாட்டும் தட்டுகளைப் போட்டுக் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். இதை ஏழெட்டு வயதிலேயே தொடங்கினாலும் கடைசிப் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே ஒரு லாபம், பல் உடைவது குறைகிறது. மேல்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல் முந்தி நிற்கும் பிள்ளைக்கு, விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்ளும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. சைக்கிளும் கபடியுமாக இருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாயைத் திறந்துவைத்துத் தூங்கும் பிள்ளை, நாலு வயது தாண்டியும் விரல் சூப்பும் பிள்ளை, ஒரு பக்கமாகத் தாடையைக் கோணிக் கடிக்கும் பிள்ளை: இந்த மூவரையும் பல் வரிசையாக இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது. வாயால் மூச்சு விடுவதற்கு மூக்கடைப்போ அடினாய்டோ காரணமென்றால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்; அப்புறம்தான் பல்.

கம்பிக்குள் ஒன்றரை, இரண்டு வருஷம்

பல் எலும்பில் ஆணியடித்ததுபோல் நிற்பதாகத்தான் நினைக்கிறோம். நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. ஒயர் ஒரு பக்கம் தள்ளும்போது, அந்தப் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கும். பின்பக்கம் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் வேர்தான் சேதமாகும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த 'நைட்டினால்' உலோகத்தை 1970-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரேசன் என்ற ஆர்த்தோடான்டிஸ்ட் பல்லுக்குக் கொண்டுவந்த பிறகு, லேசான அழுத்தத்தையே தொடர்ந்து கொடுக்க முடிந்தது. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே மெதுவாகத் திரும்பும் கம்பி அது.

சாப்பாட்டில்தான் சோதனை. முறுக்கு, கடலை உருண்டை, கடித்துத் தின்னும் மாங்காய், பொங்கல் கரும்பு எல்லாம் தள்ளுபடி. பிராக்கெட் கழன்றால் மறுபடி பஸ், மறுபடி ஒரு நாள். கன்னத்தில் கம்பி உரசிப் புண்ணானால் மெழுகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் கைகொடுக்கும். 1930-ல் ராஜாஜி நடந்துவந்து உப்பெடுத்த ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. பல் விளக்குவதில் சோம்பல்பட்டால் கிளிப்பைக் கழற்றும் நாளில் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு தெரியும். அது சீக்கிரம் மறையாது.

கழற்றியபின், பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்க ரிடெய்னர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். புது எலும்பு இறுகுமுன் பல் பழைய இடம் தேடிப் போகும். முதல் சில மாதம் நாள் முழுக்க, பிறகு வருஷக்கணக்கில் இரவில் மட்டும் போடவேண்டும். டப்பாவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து மாட்டினால் உள்ளேயே போகாது.

கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் தெளிந்த உறைகளான அலைனர்கள் 1990-களின் கடைசியில் வந்தன. எளிய நெரிசலுக்கும் சந்துக்கும் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் மருத்துவரை நேரில் பார்க்காமல், வீட்டிலேயே அச்செடுத்துத் தபாலில் வரவழைப்பது ஆபத்து. அமெரிக்காவில் இந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த 'ஸ்மைல் டைரக்ட் கிளப்' 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

யாருக்குக் கிடைக்கும் இந்தச் சிரிப்பு?

இங்கிலாந்தில் 1989-ல் புரூக், ஷா என்ற இருவர் ஒரு அட்டவணை வகுத்தார்கள். கடியின் பாதிப்பை 1-லிருந்து 5 வரை தரம் பிரிப்பது ஒரு பாகம். 10 புகைப்படங்களை வைத்துத் தோற்றத்தை ஒப்பிடுவது இன்னொரு பாகம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 4, 5-ம் தரம் வந்தால் அரசு செலவிலேயே கிளிப். 3-ம் தரமாக இருந்தாலும், புகைப்பட வரிசையில் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் உண்டு. தோற்றத்தால் வரும் சங்கடத்தையும் ஒரு தேவையாக அந்த அரசு கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று. சென்னையில் இருப்பது 1953-லிருந்து நடக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980-ல் தொடங்கிய கல்லூரி இப்போது அரசின் கையில். புதுக்கோட்டைக் கல்லூரி 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. தனியார் கிளினிக்கில் சாதாரண உலோக கிளிப்புக்கே பத்தாயிரங்களில் செலவாகும்போது, இந்தக் கல்லூரிகளில்தான் கைக்கு அடக்கமாக முடியும். தாலுகா மருத்துவமனைப் பல் பிரிவில் சொத்தை அடைப்பது, பல் எடுப்பது, சுத்தம் செய்வது வரை பெரும்பாலும் நடக்கும். கிளிப் என்றால் பயணம்தான்.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகின்றன. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, பல் சொத்தை எல்லாம் அவர்கள் பட்டியலில் இருக்கின்றன. அதே பிள்ளை, அதே திறந்த வாய். நாக்கை மடித்துக் கடிக்கச் சொல்லிக் கடைவாயைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளிடம் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழித்து, காத்திருக்கக் கூடாத கடிகளை மட்டும் பிரித்தனுப்பினால், அறுவை சிகிச்சை வரை போகவேண்டிய சில பிள்ளைகளாவது தப்புவார்கள். கல்லூரியிலிருந்து ஆர்த்தோடான்டிஸ்ட் ஒருவர் மாதம் ஒருநாள் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்து ஒயர் மாற்றித் தந்தால், வேதாரண்யத்து அம்மாக்களின் கூலியில் பெரும்பகுதி மிஞ்சும். சுகாதாரத் துறையும் பல் மருத்துவக் கல்லூரிகளும் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.